'தீங்கில்லை' என்பது ஒரு விடையாகுமா?

நம்மோடு ஒரே பாடசாலையில் நெடுங்காலம் கற்பித்து இளைப்பாறிய மூத்த ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு பாரிசவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. அவற்றினும் கொடியதாக, முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையை நிறைத்து நின்ற அவருடைய குரல் அடங்கிற்று. மூன்று வாரங்களின் பின் அரசினர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய அவரைப் பார்க்கச் சென்றபோது, நாம் மாமி என அழைக்கும் அவருடைய மனைவியார் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை நம் கையில் தந்தார். அதனுள் கடுகினும் சற்றே பெரிய வெண்ணிறச் சீனி உருண்டைகள் கிடந்தன. உறவினர் ஒருவரின் ஆலோசனைப்படி ஹோமியோபதி வைத்தியர் ஒருவரிடம் பெற்று வந்தவை அவை. "தம்பி, ஆசுப்பத்திரி மருந்தோட சேர்த்து இதையும் குடுக்கலாமோ? நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ" என்று கேட்டார். "குடுங்கோ மாமி, கெடுதல் ஒண்டும் இல்லைத்தானே" என்று நாம் விடை சொன்னோம்.

அவ்விடை வாயினின்றும் எழுந்த வேளையில் நல்ல விடையாகவே தோன்றிற்று. துயருற்ற ஒருவரின் மனத்தை நோகச் செய்யாத விடை அது. அதேவேளை, விடை கூறியவர் எப்பொறுப்பையும் ஏற்கவேண்டாத விடையுமாகும். கற்றோர் எனப்படும் நம்மிற் பலர் இத்தகைய விடையை எத்தனையோ வீடுகளிற் கூறி வந்திருக்கிறோம். 'தீங்கில்லை' என்னும் அச்சொல் அறத்தின்பாற்பட்ட ஒரு விடைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரிசவாதமும் ஹோமியோபதியும் நம் அயல்நாட்டிற் சந்தித்துக்கொண்டது நேற்று இன்றல்ல. பஞ்சாப்பை ஆண்ட மகாராசா ரஞ்சித் சிங் தமது இறுதி ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பாரிசவாதத்தால் தாக்குண்டு பேச்சை இழந்தார். பாரிஸ் நகரில் ஹானிமனைச் சந்தித்து அவர் முறையை அறிந்திருந்த ஹோனிக்பெர்கர் என்னும் வைத்தியர் 1839 ஆம் ஆண்டு லாகூர் அரண்மனையில் மகாராசாவுக்கு அம்முறைப்படி மருந்தளித்தார். அவ்வாண்டு யூன் மாதத்திலேயே மகாராசா இறந்தார். ஹோனிக்பெர்கர் மீது இங்கே குற்றம் சாட்டுவதற்கில்லை. அக்காலத்து எந்த வைத்தியமும் மகாராசாவைக் காப்பாற்றியிராது. நாம் கருதவேண்டியது வேறொன்று. கருவூலமும் படையும் உடைய பேரரசனும், ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியரின் மனைவியும் இந்நோயின் முன் ஒரே நிலையில் நிற்கின்றனர். நேற்றுவரை பேசிய ஒருவர் இன்று பேசாதிருக்கும்போது, கண்முன் தோன்றும் எந்தக் கையையும் பற்றிக்கொள்ள மனித மனம் அவாவுகிறது. அவ்வவாவை அறியாமை என்று இகழ்பவர் இந்நோயை அருகிருந்து காணாதவராவர்.

ஹோமியோபதியை வகுத்த சாமுவேல் ஹானிமன் 1755 ஆம் ஆண்டு சக்சனி நாட்டின் மைசென் நகரிற் பிறந்தவர்; முறைப்படி மருத்துவம் கற்றவர். அவர் காலத்து மருத்துவம் நோயாளியின் குருதியைக் கிண்ணங் கிண்ணமாக வடித்தது. இரசம் கலந்த மருந்துகளை ஊட்டியது. 1799 ஆம் ஆண்டு தொண்டை நோயுற்ற ஜோர்ஜ் வாஷிங்டனின் உடலிலிருந்து ஒரே நாளிற் பெருமளவு குருதி வடிக்கப்பட்டதும், அன்றிரவே அவர் இறந்ததும் வரலாறு. இத்தகைய கொடுமைகளைக் கண்டு மனம் வெதும்பியவர் ஹானிமன். சிங்கோனாப் பட்டையைத் தாமே உண்டு பார்த்து, ஒத்ததை ஒத்ததே தீர்க்கும் என்ற கொள்கையை அமைத்தார். மருந்தை மேலும் மேலும் ஐதாக்க அதன் வலிமை பெருகும் என்றார். 1810 ஆம் ஆண்டு அவருடைய 'ஓர்கனன்' வெளிவந்தது. குருதியை வடித்துக் கொல்லும் வைத்தியத்தோடு ஒப்புநோக்குமிடத்து, ஒன்றுமே செய்யாத வைத்தியம் மேலானதன்றோ? ஆகவே ஹானிமனின் நோயாளிகள் மற்றையோரிலும் நன்கு தேறியிருப்பின் அதில் வியப்பில்லை. 'தீங்கில்லை' என்பது அந்நாளில் ஒரு புரட்சியாகவே இருந்தது. ஆயின் ஒரு காலத்துப் புரட்சி மறு காலத்திலும் புரட்சியாகவே இருக்கும் என்பது நியதியன்று.

இம்முறையைத் தழுவியோர் அனைவரும் அறிவிலிகள் என எண்ணுவதும் வரலாற்றுக்கு மாறானது. வங்காளத்தின் மகேந்திரலால் சர்க்கார் கல்கத்தாவில் உயர் மருத்துவப் பட்டம் பெற்றவர். முதலில் ஹோமியோபதியை எதிர்த்த அவர் 1867 ஆம் ஆண்டு அதன் பக்கம் சேர்ந்தார். அதனாற் சக வைத்தியர்களால் ஒதுக்கப்பட்டார். அவரே 1876 ஆம் ஆண்டு கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கத்தை நிறுவினார். பின்னாளிற் சி. வி. இராமன் தமது ஒளிச்சிதறல் ஆய்வை நிகழ்த்தியது அச்சங்கத்தின் ஆய்வுகூடத்திலேதான். விதவைகளின் மறுமணத்துக்காகப் போராடிய ஈசுவர சந்திர வித்தியாசாகரும் ஹோமியோபதி பயின்று, சந்தால் பழங்குடி மக்களுக்கு அம்மருந்தை இலவசமாக வழங்கினார். ஏழைக்கு எட்டாத விலையிலே குடியேற்ற ஆட்சியின் மருத்துவம் நின்றபோது, எட்டும் விலையிலே வேறொன்று இருந்தது. நல்லெண்ணமும் வறுமையும் கைகோத்த இடத்திலே இம்மருத்துவம் வேரூன்றிற்று. எனினும் நல்லெண்ணம் மருந்தாகுமா என்பது வேறு வினா. அதற்கு விடை கூறவேண்டியது சான்றே.

இவ்விடத்தே சிறிது கணக்கு வேண்டும். ஒரு பங்கு மருந்தைத் தொண்ணூற்றொன்பது பங்கு நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்குவது முதற்படி. அக்கலவையின் ஒரு பங்கை மீண்டும் அவ்வாறு ஐதாக்குவது இரண்டாம் படி. கடைகளில் மிகுதியாக விற்கப்படும் முப்பதாம் வீரியம் என்பது இதனை முப்பது முறை செய்வதால் வருவது. அப்போது மூலமருந்தின் அளவு, ஒன்றின் பின் அறுபது பூச்சியங்களை இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்காகும். உயர்தர வகுப்பில் அவகாதரோ மாறிலியைக் கற்ற மாணவர் எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஏறத்தாழப் பன்னிரண்டாம் படியைத் தாண்டிய பின் மூலமருந்தின் ஒரு மூலக்கூறுதானும் குப்பியில் எஞ்சியிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. மூலக்கூறுகளின் பருமனை லோஷ்மிட் கணித்தது 1865 ஆம் ஆண்டிலே. ஹானிமன் மறைந்ததோ 1843 ஆம் ஆண்டிலே. அவர் இதனை அறிந்திருக்க இயலாது. நாம் அறிவோம். அவரைக் குறைகூறாத அதே நியாயம் நம்மைக் குறைகூறாது விடாது.

காரணம் விளங்காவிடினும் பயன் உண்டாயின் ஏற்கலாமே எனச் சிலர் கூறுவர். நியாயமான வாதமே. பயன் உண்டா என்பதையும் சோதித்துள்ளனர். பாரிசவாதத்துக்கு ஹோமியோபதியர் பெரிதும் பரிந்துரைப்பது ஆர்னிகா என்னும் மலைச்செடியின் மருந்து. பேச்சிழப்புக்கும் வாதத்துக்கும் காஸ்டிகம் என்பதையும் கூறுவர். 1998 ஆம் ஆண்டு ஆர்னிகா பற்றிய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மருந்துப் போலியிலும் அது மேலானது என்ற கூற்றுக்கு ஆதாரம் கிட்டவில்லை. 2005 ஆம் ஆண்டு 'லான்செற்' சஞ்சிகை ஹோமியோபதிச் சோதனைகள் 110 ஐயும் வழக்கமான மருத்துவச் சோதனைகள் 110 ஐயும் ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டது. செவ்வையாக நடத்தப்பட்ட பெருஞ் சோதனைகளை மட்டும் நோக்கியபோது ஹோமியோபதியின் விளைவு மருந்துப் போலியின் விளைவோடு ஒத்துநின்றது. அவுஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015 ஆம் ஆண்டு, ஹோமியோபதி பயன்தரும் என நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவுமில்லை என முடிவு கூறிற்று. பிரான்சிய அரசு 2021 ஆம் ஆண்டு முதல் இம்மருந்துகளுக்குப் பொதுநிதியிலிருந்து பணம் மீளளிப்பதை நிறுத்திற்று. நம் நாட்டில் 1970 ஆம் ஆண்டு முதல் ஹோமியோபதிக்கெனச் சட்டம் உண்டு. ஆயின் ஒரு தொழிலை ஒழுங்குசெய்யும் சட்டம், அத்தொழிலின் கோட்பாட்டை மெய்ப்பிக்கும் சான்றாகிவிடாது.

"எங்கள் கண்முன்னே குணமாயிற்றே" என்போருக்கு என்ன சொல்வது? அவர்கள் பொய் கூறவில்லை. பாரிசவாதத்தின் இயல்பே அவர்களை மயக்குகிறது. தாக்குண்ட மூளை முதல் வாரங்களிலும் மாதங்களிலும் ஓரளவு தானாகவே மீள்கிறது. வீக்கம் வடிகிறது, இறவாதிருந்த பகுதிகள் மீண்டும் தொழிற்படுகின்றன, இழந்த பகுதியின் வேலையை வேறு பகுதிகள் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களிலே இம்மீட்சி மிக விரைவானது. அம்மாதங்களில் எதைக் கொடுத்தாலும் புகழ் கொடுத்ததற்கே போய்ச் சேரும். நம் ஆசிரியர் இரண்டாம் மாதத்தில் தம் மகளின் பெயரை முதன்முறை உச்சரித்தார். வீடே அழுதது, நாமும் கலங்கினோம். அந்தப் பெருமை முழுவதும் குப்பிக்கே போயிற்று. சேவல் கூவிய பின் பொழுது விடிகிறது. ஆதலாற் சேவலே பொழுதை விடியச் செய்தது என்னும் முடிவு அது.

இனித் 'துணை மருத்துவம்' என்னும் வாதத்தை நோக்குவோம். இன்றைய ஹோமியோபதியருட் பொறுப்புணர்ந்தோர், வைத்தியசாலை மருந்தை நிறுத்துங்கள் எனக் கூறுவதில்லை. இதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே கூறுவர். சீனி உருண்டையால் நன்மை இல்லாவிடினும் நம்பிக்கையால் நன்மை உண்டே. நம்பிக்கையை ஏன் பறிக்கவேண்டும்? வள்ளுவரும், குற்றம் தீர்ந்த நன்மையைத் தருமாயின் மெய்யல்லாததையும் மெய்யின் இடத்தில் வைத்து எண்ணலாம் என்றாரன்றோ? ஆம், ஆயின் அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. நன்மை இருந்தாற் போதாது. அது குற்றம் தீர்ந்ததாக இருத்தல் வேண்டும். நமது 'தீங்கில்லை' அந்நிபந்தனையை நிறைவேற்றுகிறதா?

முதலில் நோய் தாக்கிய முதல் மணித்தியாலங்களை எண்ணுக. பாரிசவாதங்களிற் பெரும்பாலானவை மூளைக் குருதிக்குழாய் அடைபடுவதால் வருவன. ஏனையவை குழாய் வெடிப்பதால் வருவன. எது என்பதைப் படம் பிடித்தே அறியலாம். முகத்தைப் பார்த்து அறிய இயலாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை, அது பொருந்தும் நோயாளருக்கு, நோய் தொடங்கிய நாலரை மணித்தியாலத்துள் ஏற்றவேண்டும். பெருங்குழாய் அடைபட்டு மருந்தின்றிக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிவதாக 2006 ஆம் ஆண்டு கணக்கிடப்பட்டது. அந்நேரத்தில், "முதலில் இதிலே நாலு உருண்டையைக் குடுத்துப் பார்ப்பம்" என்று கழியும் அரைமணி நேரம் ஒரு மனிதனின் பேச்சாக இருக்கலாம். ஒரு கையாக இருக்கலாம். மேலும், விழுங்கும் ஆற்றலை இழந்த நோயாளியின் வாயிலிடும் நீரும் உருண்டையும் மூச்சுக்குழாயிற் புகுந்து சுவாசப்பையில் நோயை உண்டாக்கலாம். சீனிக்கும் தீங்கு செய்யத் தெரியும்.

அடுத்துப் பின்வரும் மாதங்களை எண்ணுக. வசதியுள்ள வீட்டிலே 'துணை' என்பது துணையாகவே இருக்கலாம். வறிய வீட்டிலோ ஒன்றைச் சேர்ப்பது மற்றொன்றைக் கழிப்பதாகும். நம் ஆசிரியரின் வீட்டிலே நிகழ்ந்தது அதுவே. வாரத்துக்கு இருமுறை இயன்மருத்துவத்துக்கு வருமாறு வைத்தியசாலையிற் கூறியிருந்தனர். அதற்கு முச்சக்கரவண்டி பிடிக்கவேண்டும். நோயாளியைத் தூக்கி ஏற்ற இருவர் வேண்டும். அரைநாள் வரிசையில் இருக்கவேண்டும். உருண்டைக்கோ இவை எவையும் வேண்டா. நாலாம் மாதம் நாம் சென்றபோது, இயன்மருத்துவத்துக்குப் போவதை நிறுத்தி ஐந்து வாரங்களாகியிருந்தன. மடங்கிய விரல்கள் மடங்கியபடியே இறுகத் தொடங்கியிருந்தன. இரத்த அழுத்தக் குளிகையும் ஒன்றுவிட்டொரு நாளாகிவிட்டது. "அதுவும் மருந்து, இதுவும் மருந்துதானே தம்பி. எல்லாத்தையும் போட்டால் உடம்பு தாங்குமோ?" என்றார் மாமி. நிறுத்துமாறு அவரிடம் எவரும் சொல்லவில்லை. ஹோமியோபதி வைத்தியரும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தரத்தின என்று அவர் எண்ணிக்கொண்டார். அவ்வாறு எண்ண அவருக்கு உரிமை தந்தவர் யார்? "கெடுதல் ஒண்டும் இல்லைத்தானே" என்று கூறிய நாமே.

அன்று அவர் நம்மிடம் கேட்டது, இது நஞ்சா என்றன்று. அதை அவரும் அறிவார். தம்மிடம் எஞ்சியிருந்த பணத்தையும் உடல்வலுவையும் நாட்களையும் எதன்மேல் வைப்பது என்றே அவர் கேட்டார். வினா ஒன்று; நாம் கூறிய விடை மற்றொன்று. பேச்சிழந்த நோயாளியோ எதனையும் கேட்க வாயற்றிருந்தார். தமக்காகப் பேச இயலாத ஒருவரின் உடல் பற்றிய உண்மையை, நம் மனச்சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக விழுங்கிவிட்டோம். கருணை என்று நாம் பெயரிட்டது உண்மையில் நமது சோம்பலே.

ஆயினும் இவ்வளவோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மையையே கூறியவராவோம். அந்த வைத்தியரிடம் போய்வந்ததைப் பற்றி மாமி கூறியதை இங்கே பதிந்தாக வேண்டும். "ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டவர் தம்பி. இவர் என்ன சாப்பிடுவார், எப்ப கோவிக்கிறவர், இரவிலை அழுகிறவரோ எண்டெல்லாம் கேட்டவர். ஆசுப்பத்திரியிலை ஆரும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கேல்லை." வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். ஹோமியோபதி பற்றி வாதிடும் இருசாராரும் மூன்றாம் கூறாகிய மருந்தைப் பற்றியே வாதிடுகின்றனர். அந்தப் பெண்ணை அவ்வைத்தியரிடம் ஈர்த்ததோ மருந்தன்று. நான்காம் கூறாகிய தம்மை ஒருவர் மனிதராகக் கண்டு பேசியமையே.

இதிலே கசப்பான முரண் ஒன்றுண்டு. பாரிசவாத சிகிச்சையில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட பெரும் பயன்களுள் ஒன்று எந்தப் புதுமருந்தாலும் வந்ததன்று. பாரிசவாத நோயாளருக்கெனத் தனி விடுதி அமைத்து, வைத்தியர், தாதியர், இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒன்றுகூடிப் பராமரித்தால் இறப்பும் குறைகிறது; பிறரைச் சார்ந்து வாழும் நிலையும் குறைகிறது. 1990களிலிருந்து பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்து நிறுவப்பட்ட உண்மை இது. விழுங்க முடிகிறதா எனப் பார்ப்பது, காலந்தாழ்த்தாது எழுப்பி உட்காரவைப்பது, குடும்பத்தினருக்குக் கற்பிப்பது, இவையே அங்கு நடைபெறுவன. பராமரிப்பே மருந்தாகிறது என்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுள்ளது. ஆகவே ஹோமியோபதி வைத்தியரின் அறையில் உண்மையாயிருந்த அந்த ஒரு மணித்தியாலம் விஞ்ஞான மருத்துவத்துக்குப் புறம்பானதன்று; அதற்கே உரியது. ஆளணியும் நேரமும் இல்லாத பொது வைத்தியசாலையிலிருந்து அது பறிபோயிற்று. பறிபோனது வேறோரிடத்திலே சீனியோடு சேர்த்து விற்கப்படுகிறது.

நம் தோழர் சிலர் இன்னுமொரு தடையை எழுப்புவர். மேனாட்டு மருந்துக் கம்பனிகள் நோயை வைத்து இலாபம் குவிக்கையில், சீனி உருண்டைமேல் ஏன் சினம்? சுரண்டலை எதிர்ப்பவர் மாற்று மருத்துவத்தை ஆதரிக்கவேண்டாமா? இது நேர்மையான ஐயம். ஆயின் தவறான முடிவு. சுரண்டுபவன் விற்கும் மருந்து உண்மையானது என்பதாலன்றோ அவனாற் சுரண்ட முடிகிறது? அதற்கு எதிராக நம் நாடு கண்ட விடை பேராசிரியர் சேனக பிபிலேயின் விடை. 1971 ஆம் ஆண்டு வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. வணிகப் பெயர்களின் மயக்கை நீக்கி, இன்றியமையாத மருந்துகளைப் பொதுப்பெயரில் மலிவாக வாங்கி மக்களுக்கு அளிக்கும் வழியை அது காட்டிற்று. மருந்தின் மெய்ம்மையை அவர் மறுக்கவில்லை. அதனை மக்களின் உடைமையாக்க முயன்றார். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் அரசினர் வைத்தியசாலைகளில் மருந்துகள் இல்லாதுபோனபோது நாம் பட்ட துயரே அவ்வழியின் தேவையை உணர்த்தும். ஏழைக்கு மெய்யான மருந்து எட்டாதிருக்கையில், எட்டுகின்ற பொய்யான மருந்தை அவன் கையிற் கொடுத்து அமைதிகொள்வது சமத்துவமாகாது. வித்தியாசாகரின் காலத்தில் அதற்கு வேறு வழியில்லை. நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

அப்படியாயின் மாமிக்கு நாம் என்ன விடை கூறியிருக்க வேண்டும்? அவர் கையிலிருந்த குப்பியைப் பறித்தெறிவதா? இல்லை. உண்மையைத் தனியே கையிற் கொடுத்துவிட்டு அகல்வதும் ஒருவகைக் கொடுமையே. "இதிலே மருந்து இல்லை மாமி. ஐயாவின் கையை மீட்கக்கூடியது பயிற்சி. மறுமுறை வராமற் காப்பது அந்த அழுத்தக் குளிகை. செவ்வாய்க்கிழமை நான் வாறன், சேர்ந்து கூட்டிக்கொண்டு போவம்" என்று கூறியிருக்கவேண்டும். அவ்விடையின் முற்பகுதி உண்மை, பிற்பகுதி உழைப்பு. பிற்பகுதியைத் தர விரும்பாததாலேயே முற்பகுதியையும் மறைத்தோம்.

காலந்தாழ்ந்தேனும் அதனைக் கூறினோம். மாமி நெடுநேரம் குப்பியையே பார்த்திருந்தார். சினக்கவில்லை. "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். இப்போது பாடசாலை ஆசிரியர் நால்வர் முறைவைத்துச் செவ்வாயும் வெள்ளியும் அவரை இயன்மருத்துவத்துக்கு அழைத்துச் செல்கிறோம். இறுகிய விரல்களில் இரண்டு சற்றே நிமிர்ந்துள்ளன. ஏனையவை நிமிருமோ என்று இயன்மருத்துவரும் உறுதி கூறவில்லை. இழந்த ஐந்து வாரங்களை எவரும் மீட்டுத் தரப்போவதில்லை.

ஆனால் நால்வரின் முறைவைப்பு ஒரு நோயாளிக்கே போதும். அதே வரிசையில் அழைத்துவர ஆளில்லாத எத்தனையோ பேர் இருக்கின்றனர். ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் பாரிசவாத விடுதியும், கிராமங்களுக்கு வந்துபோகும் இயன்மருத்துவரும், தமிழிற் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சையாளரும் வேண்டுமெனக் கேட்பது கருணைக்கான இரப்பு அன்று. வரிகொடுக்கும் மக்களின் உரிமை. அதனைக் கேட்கும் குரல் நம்மிடமிருந்தும் நம் மாணவரிடமிருந்தும் எழவேண்டும். 'தீங்கில்லை' என்று சொல்லி வாசலைத் தாண்டிப் போவோரிடமிருந்து அக்குரல் எழாது.